ஏரிக்கரையும் தவளைப் பாட்டும்: ஒரு துறையிடை ஆய்வு

2019ஆம் ஆண்டு அக்டோபர் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. காலைத் தூறல் பத்து மணிக்கு நின்று, பதினொரு மணிக்குப் புழுக்கம் தொடங்கியிருந்தது. அவ்வேளையில் ஒரு காட்டில், ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் அமைந்திருந்த பல்கலைக்கழகம், துறையிடை ஆய்வு மையம் ஒன்றைத் திறந்தது. இனித் துறைகள் ஒன்றோடொன்று பேசும் என்பதை அறிவித்த சுற்றறிக்கை, மூன்று பக்கம் நீண்ட ஒரே வாக்கியம். அதில் எழுவாய் இருந்தது; பயனிலையைக் கண்டவர் எவரும் இலர். ஆயினும் அனைவரும் கைதட்டினர்.

மையத்தின் முதல் ஆய்வாளர் சலசாட்சி என்னும் நீர்நாய். ஆறாண்டு உழைத்து முடித்த ஆய்வேட்டுடன் அவள் அங்கே வந்தாள். அவள் கண்டறிந்தது இதுதான். அக்காட்டுத் தவளைகள் தம் மழைப்பாட்டில் ஏரிக்கரையின் ஒன்பது இடங்களைப் பெயர் சொல்லிப் பாடும். மூன்று ஆண்டுகளில் மூன்று பெயர்கள் பாட்டிலிருந்து மறைந்துவிட்டன. சலசாட்சி அந்த மூன்று இடங்களுக்கும் சென்று பார்த்தாள். தவளைக் குடும்பங்கள் வெளியேறியிருந்தன. கரையின் மண் உள்ளுக்குள் நீர் கசிந்து குழைந்திருந்தது. பாட்டை மட்டும் கேட்டவருக்கு மண்ணின் நிலை தெரியாது. குடும்பங்களை மட்டும் எண்ணியவருக்குப் பாட்டு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவளுக்கு, அடுத்த பெருமழையில் கரை உடையும் என்பது தெரிந்தது.

கரைக்கு நேர் கீழேதான் அவளுடைய தாயின் வளை இருந்தது.

“அம்மா, பாறைமேட்டுக்குப் போயிடலாம். கரை தாங்காது.”

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்றேன்.”

“நீ சொன்னா ஆச்சா? பல்கலைக்கழக முத்திரை போட்ட தாளைக் கொண்டா, இந்த நிமிஷமே கிளம்புறேன். பெத்த மக பேச்சைக் கேட்டு வீட்டைக் காலி பண்ணினாள்னு ஊரே சிரிக்கவா?”

பள்ளத்தில் வாழ்ந்த முயல், கீரி, உடும்பு ஆகிய அனைவரின் கருத்தும் அதுவே. பெருமழைக்கோ ஒரு மாதமே இருந்தது. முத்திரை வேண்டுமாயின் ஆய்வேட்டில் இரண்டு துறைத் தலைவர்கள் ஒப்பமிட வேண்டும். சலசாட்சி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களைச் சுமந்துகொண்டு ஓடினாள்.

இலக்கியத் துறைத் தலைவரான மயில், தோகையை நாற்காலிக்குப் பின்னால் ஒழுங்குபடுத்திக்கொண்டு படித்தார்.

“பாட்டைப் பத்தின பகுதி பிரமாதம்மா. ஆனா கசிவு, குழைவு, குடிபெயர்வு இதெல்லாம் என்ன? இலக்கியத்துக்கும் சேத்துக்கும் என்ன சம்பந்தம்? எடுத்துடுங்க.”

“ஐயா, அதுலதான் முடிவே இருக்கு.”

“இருக்கட்டுமே. அது சமூகவியல் துறையில இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு அந்த நரி வந்து தப்புன்னு சொன்னா என் மானம் என்ன ஆகுறது?”

சலசாட்சி எடுத்துவிட்டாள். மயில் ஒப்பமிட்டார்.

சமூகவியல் துறைத் தலைவரான நரி, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

“முழுக்கப் பாட்டா இருக்கே! பாட்டெல்லாம் தரவா? எத்தனை தவளைகிட்ட வினாத்தாள் கொடுத்தீங்க?”

“குடிபெயர்வுக் கணக்கு வச்சிருந்தேங்க ஐயா. மயில் ஐயா எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“அவர் கையெழுத்துப் போட்டாச்சே! போட்ட பிறகு சேர்க்க விதியில இடமில்ல. எடுக்க மட்டும் இடமிருக்கு. பாட்டை எடுத்துடுங்க. அப்புறம், நன்றியுரையில என் பேருக்கு முன்னால ‘முனைவர்’ விட்டுப்போச்சு. ஆய்வுன்னா கவனம் வேணும்மா.”

பாட்டும் போயிற்று; நரியும் ஒப்பமிட்டார். எஞ்சியவை தலைப்புப் பக்கம், நன்றியுரை, நூற்பட்டியல் ஆகியவை. மொத்தம் பத்தொன்பது பக்கங்கள்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் நாள், வாய்மொழித் தேர்வு நடைபெற்றது. ஆய்வாளர் செலவில் மெதுவடையும் காப்பியும் வழங்கப்பட்டன. இரு தலைவர்களும் ஆய்வேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தனர். நூற்பட்டியலில் மயில் எழுதிய நூல்கள் பதினொன்று. நரி எழுதியவையும் பதினொன்று. ஒன்று குறைந்திருந்தாலும் பட்டம் போயிருக்கும் என்பதைச் சலசாட்சி அறிந்திருந்தாள்.

“என் துறைக்கு விரோதமா ஒரு சொல் இல்ல,” என்றார் மயில்.

“என் துறைக்கும்தான். இதுவல்லவா துறையிடை ஆய்வு!” என்றார் நரி.

முத்திரைப் பொறுப்பாளரான ஆமை, “நாளைக்கு வாங்க” என்று மூன்று முறை கூறிவிட்டு, நவம்பர் நான்காம் நாள் அட்டையில் முத்திரையைக் குத்தியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதன் பணி விதிகளில் இல்லை.

சலசாட்சி ஆய்வேட்டைத் தாயின் முன் வைத்தாள். தாய் அதைத் திறக்கவில்லை. முத்திரையைத் தடவிப் பார்த்தாள். மை விரலில் ஒட்டியது.

“அடிப்பாவி, இவ்வளவு பெரிய ஆபத்தை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டுக்கொண்டே குட்டிகளைக் கிளப்பினாள். மறுநாள் மாலைக்குள் பள்ளமே காலியாயிற்று. ஆய்வேடு வளைக்கு வளை சென்றது; அனைவரும் அட்டையை வணங்கினர். ஆமைகூட அன்று விரைந்து நடந்தது.

சலசாட்சி தலைவர்களையும் அழைத்தாள்.

“ஐயா, கரை உடையப்போகுது. மேட்டுக்கு வந்துடுங்க.”

“அப்படி ஆய்வேட்டுல எங்கேயும் இல்லையேம்மா. நான் வரி விடாம படிச்சேனே,” என்றார் மயில்.

“நானும்தான் படிச்சேன். ஆதாரமில்லாததுக்கெல்லாம் ஓடினா ஆய்வுலகம் சிரிக்கும்,” என்றார் நரி. இருவரும் ஒரே கருத்தைக் கூறியது அது இரண்டாம் முறை.

நவம்பர் ஆறாம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கரை உடைந்தது. பள்ளத்து மக்களில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. மயிலும் நரியும் ஒரே கருவேலங்கிளையில் இரண்டு பகல் தொங்கினர்; நரி எவ்வாறு ஏறினார் என்பதை எந்தத் துறையும் இதுவரை ஆராயவில்லை. நீர் வடிந்தபின், அவ்விரண்டு நாள்களையும் மையத்தின் முதல் கருத்தரங்காக ஆண்டறிக்கையில் பதிவு செய்தனர். சலசாட்சி விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்தாள். அவளுடைய பட்டம் தம் துறைக்குத் தொடர்பற்றது என்று இரு துறைகளும் தனித்தனியே விடையளித்தன. அவள் இப்போது பக்கத்து ஆற்றில் மீன் பிடிக்கிறாள். ஆய்வேடு அவளுடைய தாயின் புதிய வளையில், வாசலுக்கு நேரே, இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது.

நீதி: ஆய்வேட்டின் அட்டையை வணங்குவோர் மேடேறிப் பிழைப்பர், உள்ளே படித்துப் பார்ப்போர் கிளையில் தொங்குவர்.