நாலு மணி பஸ்ஸில் வந்த தாய்மாமன்

காஞ்சிபுரத்தில் ஒரு மனிதர் தலை முதல் கால் வரை ஒரு பிசிறுகூட இல்லாமல் நடந்து போனால், அவர் அன்று காலையில் கத்திரியிடம் மாட்டியிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மற்ற வீடுகளுக்குச் சித்திரையில் மட்டும்தான் கத்திரி. எங்கள் வீட்டில் பன்னிரண்டு மாதமும்.

கத்திரி என் மனைவி சரசுவின் தம்பி. நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். நெய்து முடித்த பட்டுப்புடவையின் பின்பக்கத்தில் தொங்கும் நூல்களை வெட்டிச் சுத்தம் செய்வது அவன் தொழில். அதில் அவன் பெரிய சூரன், கண் மூடித் திறப்பதற்குள் புடவையை முடித்துவிடுவான் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். உண்மை என்னவென்றால், மற்றவர்கள் நாலு புடவை முடிக்கும் நேரத்தில் அவன் ஒன்று முடிப்பான். மூன்று முதலாளிகள் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாவது முதலாளி வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கத்திரி வேலை நேரத்தில் பேச மாட்டான், டீக்கடைக்குப் போக மாட்டான், அரசியல் தெரியாது. இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எந்த முதலாளி வேகத்தைப் பார்ப்பார்?

தொழில் பட்டறையோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்திரிக்கோல் இருக்கும். யார் உடம்பில் நூல் தொங்கினாலும் கிட்டே போவான். "பிசிறு இருக்குது. வெட்டட்டா?" என்று மரியாதையாகக் கேட்பான். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது.

ஒருமுறை வாலாஜாபாத் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒரு கட்சிப் பிரமுகர். தோளில் துண்டு, துண்டின் முனையில் வரிசையாகக் குஞ்சம். அவர் போனில் யாரையோ மிரட்டி முடிப்பதற்குள் இவன் ஒரு பக்கத்தை முடித்துவிட்டான்.

"யோவ், இன்னாயா பண்ற?"

"பிசிறு இருந்துச்சு."

"அது குஞ்சம்யா!"

"நெறைய இருந்துச்சு."

நான் அவனை முன்பின் பார்த்திராதவன் போல ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தேன். கத்திரி திரும்பி, "மாமா, நீயே சொல்லு, நெறைய இருந்துச்சுதானே?" என்றான். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி நடந்தோம்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. பொய் எத்தனை பெரிய சமூக சேவை என்பது அவனோடு குடியிருந்தால்தான் தெரியும். என் அண்ணி ஒரு நாள், "கத்திரி, நான் எளச்சிட்டேனா, பாத்து சொல்லேன்" என்று ஆசையாகக் கேட்டார். அவன் பார்த்தான். "இல்லக்கா. ஜாக்கெட்டுல தையல பிரிச்சி வுட்டுக்கினு இருக்கற. ரெண்டு பக்கமும்." அன்றிலிருந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் வருகிறார். பங்குனி வெயிலில்கூட.

அவனைச் சரிசெய்ய எங்கள் சொந்தக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காற்று கருப்பு என்றார்கள், கிரகம் என்றார்கள். கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு, மஞ்சள் கயிறு எல்லாம் கட்டினார்கள். எந்தக் கயிற்றைக் கட்டினாலும் முடிச்சுக்கு வெளியே இரண்டு முனை நீட்டிக்கொண்டிருக்குமே! அதை வெட்டுவான். வெட்டிய இடத்தில் நூல் பிரியும். அதையும் வெட்டுவான். வீடு வந்து சேர்வதற்குள் கையில் கயிறு இருக்காது. ஐந்தாவது முறையாகக் கட்ட வந்த மந்திரவாதியின் வேட்டி ஓரத்தைப் பார்த்து, "வெட்டட்டா?" என்றான். அன்று ஓடியது பேய் அல்ல.

பிறகு என் மகள் பவித்ரா பி.எட். படிக்கப் போனாள். ஒரு நாள் வந்து, மாமாவுக்கு இருப்பது ஆட்டிசம் என்றாள். சென்னையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போய் உறுதியும் செய்துகொண்டாள். வீட்டில் கூட்டம் கூடியது. தலைமை, வழக்கம்போல் என் அண்ணன். அவர் யாரும் தேர்ந்தெடுக்காத தலைவர்.

"இதுக்கு இன்னா மாத்திரை?" என்றார்.

"மாத்திரை இல்ல பெரியப்பா. இது நோயே இல்ல. அவரு மூளை வேற மாதிரி வேலை செய்யுது. சத்தம் நமக்குக் கேக்கறத விட அவருக்கு அதிகமா கேக்குது. முன்னாடியே சொல்லி வெச்சா நல்லா செய்வாரு. திடீர்னு மாத்தினாத்தான் கஷ்டம்."

"மாத்திரை இல்லன்னா அது நோய் இல்ல, கொழுப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். அவர் சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால் எழுந்து போய்விடுவார். தலையணை மாறினால் தூங்க மாட்டார். வாசலில் யாராவது தும்மினால் அரை மணி நேரம் வெளியே கிளம்ப மாட்டார். அதற்கெல்லாம் பெயர் பழக்கம்.

சென்ற மாசியில் பவித்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பங்குனியில் ஒரு புதன்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. எங்களில் தாய்மாமன் வந்து பெண்ணுக்கு மாலை போட்டு மணையில் உட்கார வைத்தால்தான் நிச்சயம். மற்ற யார் வராவிட்டாலும் பந்தியில் ஒரு இலை மிச்சம், அவ்வளவுதான். பவித்ரா அன்றே கத்திரியிடம் சொல்லிவிட்டாள்: "மாமா, நீதான் மாலை போடணும்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஈரப்பூ அவன் கைக்கு ஆகாது. பட்டால் நெருப்புப் பட்டது போல உதறுவான். ஆனாலும் மறுநாளே பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கி வந்தான். முதல் நாள் ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கை கழுவினான். ஒரு வாரத்தில் இரண்டு விரல். பிறகு உள்ளங்கை. கடைசியில் முழு மாலையே வாங்கி, சமையலறையில் இருந்த கேஸ் சிலிண்டருக்குப் போட்டுப் பழகினான். பெண்ணின் கழுத்து என்று அதை வைத்துக்கொண்டான் போலிருக்கிறது. சிலிண்டர் மாற்ற வந்தவர் அதைப் பார்த்து, "விக்கிற வெலைக்குக் கும்புடத்தான் வேணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேப்பமரம் பூவாய்க் கொட்டிக்கொண்டிருந்தது, ஊரில் உற்சவம், வீட்டில் மாவடு ஜாடி, சொந்தக்காரர்கள் கூட்டம். அண்ணன் தன் திட்டத்தை வெளியிட்டார்.

"பையன் வூட்டுக்காரங்க முன்னாடி இவன் கத்திரிக்கோலோட நின்னா இன்னா ஆவறது? சம்பந்தி துண்டுல கை வெச்சா? முசரவாக்கத்துல சரசு பெரியப்பா பையன் இருக்கான். அவனும் மாமன் முறைதான். மீசை வேற நல்லா இருக்குது."

மாற்றுத் தாய்மாமன்! பல்பு, செருப்பு, மாமன் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் காலம் போலிருக்கிறது. நிச்சயத்தன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் கத்திரியைக் கூப்பிட்டார்.

"நிச்சயம் சாயங்காலம்தான்டா. நீ இப்ப வாலாஜாபாத் போ. சித்தி வூட்டுல கதவுத் துணி எல்லாம் ஒரே பிசிறா இருக்குதாம். வெட்டிட்டு நாலு மணி பஸ்ஸ புடிச்சி வா."

"நாலு மணி பஸ்" என்றான் கத்திரி. புது வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நிச்சயம் காலை பத்தரைக்கு. நேரத்தைக் கத்திரியிடம் நானே சொல்கிறேன் என்று அண்ணன் முன்பே பொறுப்பு எடுத்திருந்தார். இது எனக்குத் தெரியும். நான் அங்கேயேதான் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். சரசு என் முகத்தைப் பார்த்தாள். நான் மாவிலையைப் பார்த்தேன். அன்று காலை உலகத்திலேயே மிக நேராகக் கட்டப்பட்ட தோரணம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்தரைக்குப் புரோகிதர், "பொண்ண அழைச்சுண்டு வாங்கோ, தாய்மாமன் வரட்டும்" என்றார். மீசை முன்னால் வந்து நின்றது. அறையிலிருந்து வெளியே வந்த பவித்ரா நின்றுவிட்டாள்.

"இவரு யாரு பெரியப்பா?"

"மாமாம்மா."

"என் மாமா எங்க?"

"அவன் ஒரு வேலையா போயிருக்கான். நேரம் போவுது, வா."

"அவரு வராம நான் ஒக்கார மாட்டேன்." உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மணை காலியாகக் கிடந்தது.

அண்ணன் போன் போட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஊருக்கு ஒளிவு மறைவு கூடாதாம்.

"டேய் கத்திரி, ஒடனே ஆட்டோ புடிச்சி வா."

"நாலு மணி பஸ்ல வர சொன்ன."

"இப்ப சொல்றேன்டா, வா!"

"நிச்சயம் சாயங்காலம்னு சொன்ன. அப்போ பொய்யா சொன்ன?"

பந்தல் முழுக்கக் கேட்டது. அண்ணன் போனை அணைத்தார்.

பேசி அழைத்துவர ஆள் வேண்டும் என்று, பேசத் தெரியாத என்னை மொபெட்டில் அனுப்பினார்கள். வாலாஜாபாத்தில் சித்தி வீட்டுக் கதவுத் துணிகள் எல்லாம் ஓரம் சுத்தமாக, ஒரு சாண் குட்டையாகத் தொங்கின. கத்திரி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வழக்கம்போல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"மாமா, நிச்சயம் சாயங்காலம்தானே?"

"இப்பவே வந்துடேன் மச்சான். வண்டி கொண்டாந்திருக்கேன்."

"நாலு மணி பஸ். எறங்கி நடக்கணும். கை கழுவணும். அப்புறம் மாலை. மனசுல அப்படியே ஓட்டி வெச்சிருக்கேன் மாமா. இப்ப மாத்தினா கை நடுங்கும். மாலை கீழ வுழுந்துடும்." வேட்டிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பாப்பா மாலை கீழ வுழக் கூடாது" என்றான்.

நான் வாசலுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நிச்சயம் சாயங்காலம்தான்."

"ஒனக்கும் புத்தி கெட்டுப்போச்சா?"

"நீதான சொன்ன? சொன்னது சொன்னதுதான். நாலு மணி பஸ்ல மாமன் வர்றான். எல்லாருக்கும் சாப்பாடு போடு." அணைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் அதையும் பந்தலே கேட்டிருக்கிறது. நான் உள்ளே போய்க் கத்திரியோடு சுவரோரம் உட்கார்ந்தேன்.

அதன்பின் நடந்ததைச் சரசு சொன்னாள். பவித்ரா கதவைத் திறந்து வந்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் மாமாவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "இவ்ளோதானா? எங்க வூட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரே நாற்காலிலதான் ஒக்காருவாரு. போன தடவ பொண்ணு பாக்க வந்தப்போ அது இல்லன்னு நின்னுக்கினே இருந்தாரு, நீங்க மரியாதைன்னு நெனச்சீங்க. அவர வெச்சிக்கினே குடும்பம் நடத்தறேன், ஒரு பஸ்ஸுக்கா காத்திருக்க மாட்டேன்?" என்றாராம். புரோகிதர் பஞ்சாங்கத்தை மறுபடி புரட்டினார். இரண்டாவது காபி உள்ளே போனதும், புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி காலையைவிடச் சிலாக்கியமானது என்று அதே பஞ்சாங்கத்தில் தெரிந்தது.

நாலு மணி பஸ்ஸில் கத்திரி ஏறினான். என் பின் சீட் காலியாக இருக்க, நான் மொபெட்டில் பஸ்ஸின் பின்னாலேயே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி நான் வருகிறேனா என்று பார்த்தான். எனக்கு வழி தெரியாது என்று பயம் போலிருக்கிறது.

பவித்ரா சொல்லி மேளத்தை நிறுத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். மீசை மாமனும் லீவு வீணாகக் கூடாதென்று இரண்டாம் பந்தியில் இருந்தார். கத்திரி கை கழுவினான், வேட்டி மாற்றினான், மாலையை வாங்கினான். பூவிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் தாடை இறுகியது, விரல்கள் விறைத்தன, ஆனால் உதறவில்லை. பவித்ரா தலையைக் குனிந்தாள். அவன் மாலையைப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்து, இடது பக்கத்தை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டான். அவளை மணையில் உட்கார வைத்தான். எத்தனையோ நிச்சயதார்த்தம் பார்த்திருக்கிறேன். ஒரு மாலை இவ்வளவு நேராக விழுந்து பார்த்ததில்லை. அண்ணன் மூக்கைச் சிந்திவிட்டு, "இந்த வேப்பம்பூ ஒத்துக்கறதில்ல" என்றார். பொய்தான். ஆனாலும் நாங்கள் எல்லாரும் வேப்பமரத்தை ஒருமுறை முறைத்துப் பார்த்தோம்.

வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன் எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். தாய்மாமன் என்ற இடத்தில் கத்திரி என்றா போட முடியும்? அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கிறது, கொஞ்சம் நீளமான பெயர், வடமொழி எழுத்து இரண்டு வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், என் கையெழுத்துக்கு அது கொஞ்சம் அதிகம். நாலு தாள் வீணாக்கி, ஐந்தாவதில் பிழையில்லாமல் எழுதினேன்.