இராசமலர் கேட்ட என் போராட்ட வரலாறு

என் வரலாற்றை இராசமலரைக் கேட்கவைத்தே தீருவது என்று தீர்மானம் நிறைவேற்றினேன். எத்தனை முதலாளிமாரைப் பணியவைத்தவன் நான்! ஒரு மனைவி எம்மாத்திரம்?

என் தொழிற்சங்கப் போராட்டங்களை எல்லாம் சொந்தக் குரலில் ஒலிநூலாகப் பதிந்திருந்தேன். நன்றிகெட்ட இந்த இணுவிலில் ஒருவரும் கேட்கவில்லை.

“கலியாணம் கட்டின நாளிலையிருந்து நேரடியாய்க் கேக்கிறன். இனிப் பதிவும் கேக்கோணுமோ?” என்றாள் இராசமலர்.

“ஒரு அத்தியாயமாவது கேளன்.”

“சரி, சரி. என்ரை போனிலை போட்டுவிடுங்கோ.”

போட்டேன். கனடாவிலுள்ள மகன் கஜானன் என் போன், அவள் போன், குசினி அடுப்படியில் சொன்னதைக் கேட்டு நடக்கும் பேச்சுப்பெட்டி மூன்றையும் இணைத்திருந்தான். ஒன்றில் கேட்டு நிறுத்திய இடத்தை மற்றவையும் காட்டும். அவளுக்கு அது தெரியாது. என் வீட்டில் எனக்கொரு உளவுப்பிரிவு!

மறுநாள் யாழ்ப்பாணம் போய்வந்து பார்த்தேன். மூன்றாம் அத்தியாயம்! அடுத்த நாள் ஆறாவது. நான் இல்லாத நேரமாய்க் கேட்கிறாள்; வெட்கம்போல. குசினிக்குப் போய், “தொடரு” என்றேன். பெட்டி அதே இடத்திலிருந்து தொடங்கியது. அந்த வீட்டில் என் சொல்லுக்குக் கட்டுப்படுவது அது ஒன்றுதான். கொஞ்ச நாளில் நூல் முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய தோழர் சூசைதாசனைச் சாட்சிக்குக் கூட்டிவந்து, பெட்டிக்குக் கட்டளையிட்டேன்.

“இந்த நூல் இப்போது இராசமலரின் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது,” என்றது பெட்டி.

“கேட்டீரோ, தோழர்!”

“கேட்டன். ஆனால் உம்மடை சத்தம் வளவுக்குள்ளை இருந்தெல்லோ வருது?”

வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவுக்கு ஓடினோம். முந்திரிகைப் பந்தலில் திராட்சைக் குலைகள் கறுத்துத் தொங்கின. நடுவில், பொலித்தீன் பையில் கட்டிய போனும் தொங்கியது. “திரண்டு வாரீர்!” என்று அதற்குள் முழங்கிக்கொண்டிருந்தேன். ஒரு குருவி வரவில்லை. இராசமலர் வேலியடியில் பக்கத்து வீட்டு நிரோஜாவோடு கதைத்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சேர், என்ன இது?” என்று அவளைக் கூப்பிட்டேன்.

“போன முறை கிளி ஒரு குலை மிச்சம் விடேல்லை. இப்ப பாருங்கோ, ஒண்டும் கிட்ட வருகுதில்லை.”

சூசைதாசன் அண்ணாந்து பார்த்தார். “கூட்டம் கலைக்கிறதிலை நீர் அண்டைக்கும் கெட்டிக்காரன்தான், தோழர்.”

“அப்ப நீ கேக்கவேயில்லையோ? ஒவ்வொரு நாளும் என்ரை போனிலை பார்த்தனே!”

“பாப்பியள் எண்டு தெரியும். கஜானன் எனக்குத்தானே முதல் சொன்னவன். நீங்களும் சந்தோசமாய்த் திரிஞ்சியள், பழமும் தப்பிச்சுது. கொய்யாவும் பழுக்கப்போகுது. ரெண்டாம் பாகம் எப்ப?”

இரண்டாம் பாகம் பதிவாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் உரத்துக் கத்தவேண்டும் என்கிறாள் இராசமலர்; கொய்யாவுக்கு வரும் வௌவாலுக்கும் கேட்கவேண்டுமாம்.