காற்று நிற்காத டயர்

“இதுவும் போச்சா!” என்று கண்ணாடிக்காரர் அச்சக வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலையில்தான் மாட்டிய புது டயர். சாயங்காலத்துக்குள் சைக்கிளின் பின்சக்கரம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

“விடுங்க, நடந்து போயிடலாம்” என்றாள் மனைவி.

எவ்வளவு பொறுமைசாலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார் அவர். மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. காலையில் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் கூட்டி வருவார். பாதி வழி வழவழப்பான தார் ரோடு. அப்புறம் குழாய் பதிக்கிறேன் என்று தோண்டிப்போட்டு ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போன ரோடு. கடைசியில் செங்கல் பதித்த சந்து.

ஒருநாள் அவள், “ஏங்க, ரொம்பக் குலுங்குதுங்க” என்றாள். அதே வாரம் அச்சகத்துக் கணக்கம்மா கார் வாங்கித் தொலைத்தாள். தினமும் இந்த வழியாகத்தான் வருகிறாளாம், ஒரு சீட் காலியாக இருக்கிறதாம்.

“நீ என்ன சொன்ன?”

“பார்க்கலாம்னு சொன்னேன்.”

அந்தப் ‘பார்க்கலாம்’ கண்ணாடிக்காரருக்குப் பிடிக்கவே இல்லை. பகலெல்லாம் அவர் ஊரார் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் அவள் அடுப்படியில் இருப்பாள், இல்லாவிட்டால் அச்சுத்தாள்களில் தலையைக் கவிழ்த்திருப்பாள். இந்தச் சைக்கிள் பயணம் ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக மிச்சமிருந்தது. அதையும் கணக்கம்மா காரில் ஏற்றிக்கொண்டு போவதா?

அந்தப் பயணத்தில் அவர் பெரிதாகப் பேசிக் கிழித்ததில்லை என்பது வேறு விஷயம். அவள் வாயைத் திறந்தாலே, “இரு இரு, பள்ளம் வருது” என்பார்.

முதலில் ஒல்லி டயர் போட்டார். வேகத்துக்கு அதுதான் என்று டயர் கடைக்காரர் சத்தியம் செய்தார். தார் ரோட்டில் பறந்தது உண்மைதான். ஜல்லியில் இறங்கியதும், அவள் சொன்ன “ஏங்க” நாலு துண்டாக உடைந்து வந்து விழுந்தது. திரும்பும்போது கூர்க்கல் ஒன்று குத்தி டயர் உயிரை விட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். பள்ளம் மேடு பார்க்கிற வேலை இல்லாததால் அவருக்குப் பேச்சு வந்தது.

“இன்னைக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தார். எழுத்துப் பலகையைப் படிங்கன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு மேல்வரியிலிருந்து கீழ்வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சுட்டார்!”

“எப்படிங்க?”

“காத்துக்கிட்டிருந்த நேரத்துல மனப்பாடம் பண்ணிட்டாராம். ‘பாஸ்தானே?’ன்னு என்கிட்டயே கேக்குறார்!”

அவள் சிரித்த சிரிப்பில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாவம், கால் வலியைச் சிரித்து மறைக்கிறாள் என்று அவர் மனம் இளகிப்போனார். அன்றிலிருந்து டயர்ப் பைத்தியம் அவருக்கு முற்றியது.

சைக்கிளில் ஊர் சுற்றியே கெட்டுப்போன மைத்துனன் ஒருவன் இருந்தான். அவன் கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“மாமா, அக்காவை உட்கார வச்சுக்கிட்டு இந்த நூல் டயர்ல போறீங்களா? நல்லா முண்டு முண்டா இருக்கிற தடிமனான டயரைப் போடுங்க. மலையே ஏறும்.”

“அச்சகம் மலை மேல இல்லையே மாப்ள.”

“போட்டுப் பாருங்க மாமா!”

போட்டார். ஜல்லியில் தொட்டில் மாதிரி போனது. தார் ரோட்டில் டயர் ஊளையிட்ட ஊளைக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. மிதித்து மிதித்து நாக்குத் தள்ளியதுதான் மிச்சம். அவளுக்கு வேலைக்கு நேரமாகி, மேனேஜரிடம் பாட்டு வாங்கினாள்.

சாயங்காலம் கூப்பிடப் போனபோது, “மாடியில குடையை மறந்துட்டேங்க” என்றாள். அவர் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தால், டயரில் காற்று இல்லை.

பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தார். “ஓட்டையே இல்ல சார்.”

“ஓட்டை இல்லாம காத்து எப்படிய்யா போகும்? கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா இருக்கும்” என்று கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ட்யூப் முழுக்கத் தேடினார். தொழில் திறமை பலிக்கவில்லை.

அடுத்து முன்னால் தடியும் பின்னால் ஒல்லியுமாக மாட்டிப் பார்த்தார். வண்டி எப்போதும் மேடு ஏறுவது போலவே நின்றது, அவள் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே வந்தாள். அன்று அவள் மறந்தது சாப்பாட்டு டப்பா. அன்றும் காற்று போய்விட்டது.

கடைசியில் உள்ளபடியே நல்ல டயர் ஒன்று அகப்பட்டது. அகலமானது, மேலே வழவழப்பு, பக்கவாட்டில் மெத்து. கல்லாக அடிக்காமல், விரலால் அமுக்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற அளவுக்குக் காற்று வைத்தார். தாரில் வழுக்கிக்கொண்டு போனது, ஜல்லியை அலட்சியமாக விழுங்கியது, செங்கல் சந்து வந்ததே தெரியவில்லை.

“எப்படி?” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள், முகம் சுண்டிப்போய். “அதுக்குள்ள வந்துட்டோமே.”

அன்று சாயங்காலம்தான், கதையின் ஆரம்பத்தில் பார்த்தபடி, அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

விடுவாரா? மறுநாளே ட்யூபுக்குள் பச்சைப் பசை ஒன்றை ஊற்றி அடைத்தார். ஓட்டை எங்கே விழுந்தாலும் தானே போய் மூடிக்கொள்ளுமாம். சாயங்காலம், மாடியில் மறந்த கைக்குட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். டயர் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் அச்சகத்து வாட்ச்மேன் முகமும் சட்டையும் பச்சையாக நின்றுகொண்டிருந்தார். மனைவி மும்முரமாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரருக்கு ஆத்திரத்தில் கண்கூட சரியாகத் தெரியவில்லை. “போதும்! நாளைக்கே காத்தே வேண்டாத கெட்டி ரப்பர் டயரை மாட்டிடுறேன். அதுவும் சரிப்படலைன்னா நீ கணக்கம்மா கார்லயே போயிடும்மா, உன்னைத் தினமும் நடக்க வச்சு என்னால பாக்க முடியல” என்றவருக்குக் குரல் உடைந்தது.

அவள் முகம் வெளிறிப்போய் வாட்ச்மேனைப் பார்த்தாள். வாட்ச்மேன் மீசையில் இருந்த பச்சையை வழித்து உதறினார்.

“கெட்டி டயரெல்லாம் வேண்டாம் சார், அம்மா அழுதுடுவாங்க. நடந்து போனாத்தான் நீங்க வாயைத் திறந்து பேசுறீங்கன்னு, தினமும் உங்களை மாடிக்கு அனுப்பிட்டு, என் கண்ணு முன்னாலயே ஹேர்பின்னால வால்வை அமுக்கிக் காத்தைப் புடுங்கி விடுறதே அவங்கதான்!”