ஓடாத ஜனாதிபதி

அகதியாக வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் வேறு எது விளங்காவிட்டாலும் ஓடுவது பற்றிய சொற்கள் சட்டென்று விளங்கும். என் மானம் போனது அந்தத் திறமையால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த அடெல் மேற்கு ஆபிரிக்காவின் பெனின் நாட்டுக்காரி. வோபர்னில் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் குடியிருந்தாள். தினமும் தன் காரில் என்னை ஏற்றிப்போவாள். அவள் இல்லையென்றால் பனியில் பஸ் மாறி மாறியே வேலையை விட்டிருப்பேன்.

அவள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ஒரு சனிக்கிழமை போனில் படபடத்தாள்: "பிரசிடென்ற், ரன் ஓஃப். வீடு நிறையச் சனம். ஊரிலை அம்மாவுக்கு லைன் கிடைக்குதில்லை."

ரன் ஓஃப். ஓடிவிட்டார். (ஜனாதிபதியே ஓடினால் சனத்தின் கதி?)

"இஞ்சருங்கோ, அடெலின்ரை பிரசிடென்ற் ஓடிட்டாராம்," என்றேன் கணவரிடம்.

"எங்கை ஓடினவர்?"

"உது இப்ப முக்கியமே? வெள்ளைச் சேட்டைப் போடுங்கோ."

செத்த வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் சோறும் பருப்பும் காவிக்கொண்டு போனோம். கதவு திறந்ததும் பாட்டும் சிரிப்பும். (பயத்தில் மூளை பிசகிவிட்டதாக்கும்.) நான் அடெலைக் கட்டிப்பிடித்து அழுதேன். "அம்மாவை உடனை கூப்பிடு. அகதிக் கேசுக்கு நல்ல லோயர் இருக்கிறார். எங்கடை ஹோலிலை அவ படுக்கலாம்," என்று என்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தேன். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

அடெல் விளங்கப்படுத்தினாள். ஒருவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு இல்லை. முதலாவதாக வந்த அவளுடைய ஜனாதிபதியும் இரண்டாவதாக வந்தவரும் திரும்ப மோதவேண்டும். அதுதான் ரன் ஓஃப். முதலிடம் வந்த சந்தோசத்தில்தான் பாட்டு.

"அப்ப ஒருத்தரும் ஓடேல்லையோ?" என்றார் கணவர், சட்டியைப் பிடித்தபடி.

வீடே உருண்டு சிரித்தது. எனக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அடெல் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ரை அம்மாவுக்கு உன்ரை ஹோலிலை இடமோ?" என்று கேட்டாள். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஓர் அறை வீட்டுக்குள் முட்டிக்கொண்டு கிடந்தது அவளுக்குத் தெரியும். பிறகு என் செத்தவீட்டுப் பருப்பை எல்லாரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் அவளுடைய ஆள் தோற்றார். ஆனால் அவர் கதிரையை விட்டு இறங்கினார். அவள் அம்மா ஊரில் நிம்மதியாக இருந்தா. எனக்கு அந்த நாட்டின்மேல் கொஞ்சம் பொறாமை. அதைவிட, அடெலுக்கு என் கதி வரவில்லையே என்ற ஆறுதல் பெரிது.

சில வருசங்களுக்குப் பிறகு அந்த அம்மா மகளைப் பார்க்க வந்தா. மகள் வீட்டுக் கட்டிலை விட்டுவிட்டு, ஒரு கிழமை எங்கள் ஹோலில்தான் படுத்தா. தனக்குத் தந்த இடமாம். நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கிய பிறகும் பிள்ளைகள் ஹோலை ‘பெனின் எம்பசி’ என்றுதான் சொல்கிறார்கள். விருந்தாளிகளை அங்கே படுக்கவிடும்போது ஒன்று மட்டும் கேட்பார்கள்: "உங்கடை பிரசிடென்ற் ஓடிட்டாரோ?"