உடைய மறுத்த பிரம்பு நாற்காலி

பிரேக் வாத்தியார் தன் வீட்டுக் கூடத்தில் பிரம்பு நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கொதிக்கும் வெந்நீரில் நனைத்த துணியால் அதன் வயிற்றை ஒற்றிக்கொண்டிருந்தார். இருக்கையை நன்றாக ஊறவைத்து இற்றுப்போகச் செய்வது திட்டம். மேலே ஈரம் தெரிந்தால் மனைவி கேள்வி கேட்பாள். அதனால்தான் அடிப்பக்கம்.

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் அவர். ஸ்டியரிங் அடுத்தவர் கையில், உபரி பிரேக் தன் காலடியில், உயிர் எங்கேயோ நடுவில் என்று நாள் முழுக்கத் தெருத்தெருவாகப் போய்வருகிறவர். சாயங்காலம் வந்து இந்த நாற்காலியில் சாய்ந்தால்தான் அவர் கால் பிரேக் தேடுவதை நிறுத்தும். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மிச்ச நேரமெல்லாம் மூச்சுவிடுகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த அரைமணி நேரத்தின் மேல் மச்சான் வந்து உட்கார்ந்து பன்னிரண்டு வாரம் ஆகிறது. மனைவியின் அண்ணன். மூன்று நாள் என்று வந்தவர். ஆள் பீரோ மாதிரி. அவர் எழுந்து போனாலும் அவருடைய பள்ளம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காது. அதில் வாத்தியார் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வந்துவிடும். ஆகவே அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தரையில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் எப்பக் கிளம்புறாராம்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"அவர்கிட்ட மட்டும் இதைக் கேட்டீங்க, அவரோட சேர்ந்து நானும் கிளம்பிடுவேன்" என்றாள் மனைவி.

வாத்தியார் ஒரு நிமிஷம் யோசித்ததாகக் கேள்வி. அதை நாம் கிளற வேண்டாம்.

கேட்க முடியாது. ஆனால் நாற்காலி உடைந்தால்? பிளாஸ்டிக் ஸ்டூல் மச்சானைத் தாங்காது. உட்கார இடமில்லாத மனுஷன் எத்தனை நாள் நிற்பார்? அவர் போனபிறகு தனக்கு வேறு நாற்காலி வாங்கிக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் ஆசையாகப் போய் இருக்கையை அமுக்கினார். கை உள்ளே போகவில்லை.

குனிந்து பார்த்தார். பள்ளத்தைக் காணோம். பன்னிரண்டு வாரப் பள்ளம்! காய்ந்த பிரம்பு நார் இழுத்துக் கட்டியது போல விறைத்து நின்றது. விரலால் சுண்டினார். 'டிண்' என்றது. மறுபடி சுண்டினார். அடியில் யாராவது முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று தவழ்ந்துபோய்ப் பார்த்தார். யாருமில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகவே எழுந்து நின்றிருக்கிறது. அவர் மயிர்க்கால்கள் சிலிர்த்துவிட்டன.

கல்யாணத்திலிருந்து திரும்பிய மச்சான் நாற்காலி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"கொஞ்சம்... வெந்நீர் வச்சேன்."

"எனக்காகவா?"

வாத்தியார் தலையாட்டி வைத்தார். மச்சான் ஒரு பெருமூச்சு விட்டு, மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி அசையவே இல்லை.

அடுத்த திட்டம் இடமாற்றம். ஜன்னலோரத்தில் வெயிலும் வேடிக்கையுமாக இருந்த நாற்காலியை, பின்பக்க நடைக்கு இழுத்துப் போனார். இருட்டு, சிலுசிலுவென்று காற்று, கொசு. இரண்டே நாளில் ஓடிவிடுவார் என்பது கணக்கு. வெயிலிலிருந்து தப்பித்த நாற்காலி உடம்பு தேறியது. வெளுத்து, நுனி நுனியாகப் பிளந்துகொண்டிருந்த பிரம்பு பிளப்பதை நிறுத்திக்கொண்டது. மச்சான் கால் நீட்டி உட்கார்ந்து, "எனக்கு வெயில் ஆகாதுன்னு மாப்பிள்ளை கண்டுபிடிச்சிட்டாரு பாரும்மா" என்றார் தங்கையிடம். குரல் தழுதழுத்தது.

கடைசி அஸ்திரம் எண்ணெய். பெயின்ட் கடையில் ஒரு டப்பா ஆளிவிதை எண்ணெய் வாங்கிவந்து, கை, கால், முதுகு என்று ஓரிடம் விடாமல் தேய்த்தார். சட்டை பாழானால் யார்தான் உட்காருவார்கள்?

பொழுது விடிந்தபோது எண்ணெயைக் காணோம். அத்தனையையும் நாற்காலி குடித்திருந்தது. தேன் நிறத்தில் பளபளத்தது. உட்கார்ந்தால் 'கிரீச்' என்று அழும் பழக்கமும் போய்விட்டது. செய்தி பரவி, பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு எல்லாம் வந்து பார்த்தது. மாடிவீட்டு அம்மா பச்சைக்குழந்தையைத் தொடுவது போல ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கட்டி இருபது வருஷம், எனக்குத் தலைவலின்னா தைலம் தேய்ச்சதில்ல இந்த மனுஷன்" என்றாள் வாத்தியார் மனைவி. அவள் குரலிலும் கொஞ்சம் பிரமிப்பு.

மச்சான் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து, தெருக்கோடியில் பிரம்புக் கடை வைத்திருப்பவரை வாத்தியார் கூட்டிவந்தார். 'ஆயுசு முடிந்தது' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும்.

கடைக்காரர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தட்டினார். முகர்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"எப்படி சார் இதை இப்படிப் பாத்துக்கிறீங்க? என் கடையில இருக்கிற புதுசுகூட இப்படி இல்ல."

"அண்ணே, வெந்நீர் ஊத்தினேனே!"

"அடியிலதானே? மேல வழவழன்னு தோல், தண்ணி இறங்காது. அடியில ஊத்தணும்னு பாதிப் பேருக்குத் தெரியாது சார்."

பையிலிருந்து ஒரு முழம் பிரம்பை எடுத்தார். ஒரு நுனியை டம்ளர் தண்ணீரில் வைத்து, மறுநுனியில் வாய் வைத்து ஊதினார். தண்ணீரில் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

வாத்தியார் வாய் பிளந்தார். கட்டை மாதிரி இருந்த பிரம்புக்குள் காற்று போகிறது!

"உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் குழாய் சார். இது மரமில்ல, கொடி. முள்ளால பக்கத்து மரத்தைப் பிடிச்சுப் பிடிச்சு, வெளிச்சம் கிடைக்கிற வரைக்கும் ஏறும். அவ்வளவு உயரத்துக்கும் தண்ணி உறிஞ்சின உடம்பு. வெட்டி, சீவி, பின்னி நாற்காலி ஆக்கினாலும் குடிக்கிற புத்தி போகாது."

வாத்தியாரும் வாங்கி ஊதிப் பார்த்தார். குமிழ் வந்தது. இன்னொரு முறை ஊதினார். எதற்காக அவரைக் கூட்டிவந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. நாற்காலியின் கையைத் தன்னையறியாமல் தடவிக்கொடுத்தார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி அண்ணே. உண்மையைச் சொல்லுங்க. இது எப்பதான் உடையும்?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து உங்க மச்சானும் கடைக்கு வந்து இதையேதான் சார் கேட்டாரு: 'கல்யாணத்துலேர்ந்து பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பத்தான்யா வந்தேன், எனக்காக மாப்பிள்ளை இந்த நாற்காலிக்குப் படுற பாட்டைப் பாத்துட்டு ஊருக்குப் போறேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது, இது எப்பதான் உடையும்?'"