நூற்றொன்பது பேருக்குக் கைதட்டல்

பாஸ்வேர்டைப் போட்ட மறுநொடியே மருத்துவமனைப் பதிவுப் பிரிவு எழுத்தர் அந்த மின்னஞ்சலைத் திரும்பப் படித்தாள். 'உங்கள் விடுப்பு ரத்தாகும், உடனே நுழையவும்' என்று வந்த மின்னஞ்சல் அது. பதறிப்போய் அதிலிருந்த இணைப்பு வழியே நுழைந்துவிட்டாள். அப்புறம்தான் கவனித்தாள், மருத்துவமனையின் பெயரில் ஓரெழுத்து பிசகியிருந்தது.

சட்டென்று பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றியதும் அதே போலிப் பக்கத்தில்தான். இப்போது திருடனிடம் பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினாள்.

"தப்புப் பண்ணிட்டேன் சார்."

அங்கிருந்தவர் அவளுடைய கணக்கைப் பத்தே நிமிடத்தில் பூட்டினார். "சொன்னீங்களே, அதுவே பெரிசு. மேனேஜர் காதுலயும் போட்டுடுங்க. நல்லதுதான்."

போட்டாள். நல்லதாக இல்லை.

"பதினாலு வருஷ சர்வீஸ்! நோயாளிங்க விவரமெல்லாம் உங்க கையில! வெக்கமா இல்ல?"

"அதான் சார், உடனே வந்து சொல்லிட்டேன்..."

"சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க."

நேர்மையாக இருக்கட்டும் என்று, பாஸ்வேர்டை மாற்றிய கதையையும் சேர்த்தே எழுதினாள். அது இரண்டு குற்றமாகப் பதிவானது.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் அந்தக் கடிதத்தை உரக்க வாசித்தார். "நூத்திப்பத்து பேர்ல ஏமாந்தது ஒரே ஒரு ஆள். மத்த நூத்தியொம்பது பேருக்கும் ஒரு கைதட்டல்!"

என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் தட்டினாள்.

அடுத்த மாதம் வரவிருந்த பதவி உயர்வு போயிற்று. கம்ப்யூட்டரே இல்லாத பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றார் கணவர்.

மூன்று வாரமாகியும் நோயாளிகளின் விவரம் வெளியே போவது நிற்கவில்லை. "அவங்க கணக்கு அன்னிக்கே பூட்டியாச்சே சார்" என்று கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தலையைச் சொறிந்தார். மேனேஜர் கேட்கவில்லை. "எல்லாம் அந்தம்மா பண்ணின வேலைதான்" என்று இன்னொரு விளக்கக் கடிதம் கேட்டார்.

கோப்பு அறையில் தூசிக்கு நடுவே அவள் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, மேனேஜரின் உதவியாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா, அந்த மெயில் மேனேஜர் சாருக்கும்தான் வந்துச்சு, 'நீயே போட்டுடும்மா'ன்னாரு, அவர் பாஸ்வேர்ட நான்தான் போட்டேன், ஆனா உங்களப் படுத்துன பாட்டப் பாத்தப்புறம் எப்படிக்கா வாயத் திறப்பேன்?"