அலுவிகாரை வீட்டில் வெள்ளோட்டப் பால்

கடல் கடந்தும் வீட்டுக் கவலை கடக்காத என் அருமை மருமகள் வினோஜாவுக்கு,

மெல்பேர்ன் மாநகரில் மாப்பிள்ளை பவித்ரனோடு நீ எட்டுத் திசையும் காவல் நிற்க, நோய்நொடியில்லாமல் வாழ வேண்டுமென்று மாத்தளையிலிருந்து உன் தாய்மாமன் சிவசாமி வாழ்த்தி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அத்தை சுசீலாதேவி சுகம். அவளுடைய முழங்கால் வலியும் ஒரு குறையுமில்லாமல் சுகமாக இருக்கிறது. என் போனுக்குத்தான் சுகமில்லை. அது இப்போது அரிசி டின்னுக்குள் படுத்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நாம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, உன் திரை முழுக்க வெள்ளையாகிப் படம் அணைந்திருக்கும். மாமா மேகத்துக்குள் ஏறிப் போய்விட்டார் என்று நீ பயந்திருக்கலாம். அது மேகமில்லை மகளே, பால். அந்தப் பால் ஏன் பொங்கியது, பொங்கியதால் பூலோகத்தில் என்னென்ன மாற்றங்கள் ஏற்பட்டன என்பதை விளக்கவே இந்தக் கடிதம். பால் பொங்கிய வீட்டின் சொந்தக்காரர் நிஸ்தார் நானாவின் மகன் றினோஸ் உன் ஊருக்குப் பறக்கிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

"மாமா, இந்த வருசத்துக்குள்ள மாத்தளையில நல்ல வீடு அமைஞ்சா வந்துருவோம். அமையலன்னா இங்கேயே ஒன்ன வாங்கிட்டு இருந்துருவோம்" என்று நீ சொன்னாய் அல்லவா? அந்த 'இருந்துருவோம்' என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து உன் அத்தை குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். உப்பில்லாக் குழம்பு தின்றே நான் வீடு தேடினேன். இந்த மாவட்டத்தில் நான் ஏறி இறங்காத வாசற்படி இல்லை. சீகிரியாக் குன்றின் உச்சியில் அரசன் கட்டிய மாளிகை ஒன்றுதான் பாக்கி; அதற்குக் கூரை இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

உன் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மணி கற்றுக்கொடுத்ததாக நீ சொல்லியனுப்பிய பெங்சுயி சாஸ்திரம் இருக்கிறதே, அதைக் கேட்டு நான் மெய்சிலிர்த்துப் போனேன். வீட்டுக்குள் ஒரு மூச்சு நடமாடுகிறதாம். அது வாசலால் வந்து, ஒவ்வோர் அறையாகப் போய் நலம் விசாரித்து, எல்லா மூலையிலும் கொஞ்சம் உட்கார்ந்து, மெதுவாகத்தான் வெளியேற வேண்டுமாம். என் மாமியார் வருவதும் அப்படித்தான். அதைச் சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. டவுனில் ஒரு வீட்டில் மாடிப்படி நேரே வாசலைப் பார்த்தது; அதிர்ஷ்டம் உருண்டு ரோட்டுக்குப் போய்விடும் என்றாய், தள்ளினோம். இன்னொன்றில் கழிவறை நட்டநடுவில், தள்ளினோம். மூன்றாவது வீட்டில் கட்டிலுக்கு எதிரே நிலைக்கண்ணாடி. படுத்தால் தெரிகிறதா என்று சோதிக்க நான் கொஞ்சம் படுத்துப் பார்த்தேன், அது அவர்களுடைய புது மருமகளின் கட்டில் என்று பிறகுதான் சொன்னார்கள். அந்த வீட்டை நாம் தள்ளவில்லை. அவர்கள்தான் என்னைத் தள்ளினார்கள்.

கடைசியில் அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், நிஸ்தார் நானாவின் வீட்டைக் கண்டேன். கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டேன். பின்னால் யானை படுத்தது போல ஒரு கற்பாறை, முன்னால் சலசலவென்று ஓர் ஓடை. முதுகுக்கு மலை, முகத்துக்குத் தண்ணீர் என்று நீ சொன்னதை யாரோ அச்சில் வார்த்து வைத்த மாதிரி. முற்றத்துச் சாதிக்காய் மரத்தின் நிழலில் ஒரு படையே தங்கலாம். அங்கே காற்று வருவதில்லை மகளே, விஜயம் செய்கிறது. அக்குறணையில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதால்தான் நானா விற்கிறார். ஆனால் சனிக்கிழமை கண்டியிலிருந்து ஒரு டாக்டர் முற்பணத்தோடு வருகிறார் என்றும், அதற்கு முன் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நமக்கிருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் உனக்கு வீடியோ போட்டேன். நீ வாசலைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். "மாமா, முன்கதவுல நின்னா பின்கதவு நேரா தெரியுது! உள்ள வர்ற நல்லதெல்லாம் நிக்காம பின்னால ஓடிரும். வேணாம்!" என்றாய். என் இருதயம் ஓடைக்குள் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, நான் வாஸ்து பார்க்கக் கூட்டி வந்திருந்த தயாபரன், அதுதான் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்ற சாவகச்சேரிக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "பிள்ளை என்ன கதைக்கிறா? முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில இருந்தாத்தான் அது வீடு. இல்லையெண்டா அது பெட்டி. இந்த ஒரு கதவுக்காகவே இதை வாங்கலாம் கண்டியளோ!" என்றார். நீ போனுக்குள்ளிருந்து சீனத்தைப் பேசினாய், அவர் வாஸ்துவைப் பேசினார், ஒரே கதவு ஒரே நேரத்தில் ராஜயோகமாகவும் தரித்திரமாகவும் நின்றது. நான் உலகத்தில் பல அதிசயங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெரிய நாகரிகங்கள் என் கண்முன்னே ஒரு கதவில் முட்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். நான் ராஜதந்திரமாக ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு, உனக்குக் காட்டும்போது மூடினேன், தயாபரன் பார்க்கும்போது திறந்தேன். நாலைந்து தரம் மூடித் திறந்ததில் கம்பி கழன்று தயாபரனின் வழுக்கையில் விழுந்தது.

அப்போதுதான் உன் அத்தை எழுந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. சீனாக்காரங்களும் வேணாம், சாவகச்சேரிக்காரரும் வேணாம். பால் சொல்லட்டும். எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாத்துட்டா தெரிஞ்சுரும்." நிஸ்தார் நானா சிரித்தார். "அதுக்கென்ன, காய்ச்சிப் பாருங்களே. வாங்க முந்தி ஒரு பாலு, வாங்கின பொறகு ஒரு பாலு." ஆக இது குடிபுகும் பால் இல்லை, சும்மா வெள்ளோட்டம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

ஹாலின் நடுவில் மூன்று செங்கல் வைத்து, புதுப்பானை ஏற்றி, நீயும் பார்ப்பதற்காக உன்னை, அதாவது போனை, ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தோம். கிழக்கே வழிந்தால் உத்தமம், வடக்கே வழிந்தால் செல்வம், தெற்கே வழிந்தால் ஐயையோ. தெற்கே வழிந்தால் நீ மெல்பேர்னில் 'இருந்துருவாய்' என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நான் விதிக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாமென்று, அத்தை கழுத்து வரை ஊற்றியிருந்த பாலுக்கு மேல் இன்னும் ஒரு கோப்பை ஊற்றி, காய்ந்த தென்னம்பாளை இரண்டை அடுப்பில் செருகினேன். பிறகு நடந்ததை எழுத என் தமிழ் போதாது. சாவகச்சேரி மீசையிலிருந்து கையை எடுத்தது. நிஸ்தார் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். பால் மெதுவாக, ஏதோ யோசித்துக்கொண்டு எழுந்தது. விளிம்புக்கு மேலே வெள்ளைக் குடை மாதிரி ஒரு கணம் நின்றது. உன் அத்தையின் உதடு மட்டும் அசைந்தது. அம்மனிடம் கேட்டாளா, உன் பெயரைச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் இதுவரை எதற்கும் வாய் பிளந்தவனில்லை. பிளந்தேன்.

பிறகு அது நாலு திசைக்கும் ஒரே நேரத்தில் வழிந்தது! கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நடுவில் நீ. அடுப்பு அணைந்தது, நீயும் அணைந்தாய்.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆ! புது வீட்டுக்காரங்க பால் பொங்கினதா?" என்று கூவினார். இல்லை, வெள்ளோட்டம் என்று நான் சிங்களத்தில் விளக்குவதற்குள் பாற்சோறும் வெற்றிலையும் மதில் தாண்டி வந்தன. ஒழுங்கை முழுவதும் வந்துவிட்டது. வந்தவர்களை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? உன் அத்தை எல்லாருக்கும் மிச்சப் பாலில் தேத்தண்ணி ஊற்றினாள். அதைப் பார்த்த நிஸ்தார் நானாவின் முகம் மாறிவிட்டது. "சிவசாமி ஐயா, பாலும் பொங்கி, ஊரும் வந்து சாப்பிட்டுட்டு. இனி நான் இத வேற ஆளுக்குக் காட்ட ஏலா" என்றார். அப்படியும் சனிக்கிழமை டாக்டர் வந்தார். அவருடைய மனைவி தரையில் நாலு திசைக்கும் காய்ந்திருந்த பால் தடத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருத்தி பால் காய்ச்சிய வீட்டுக்குள் காலே வைக்கமாட்டேன் என்று வாசலோடு திரும்பிவிட்டாள். வீடு உனக்கே! சீனமும் தோற்கவில்லை, சாவகச்சேரியும் தோற்கவில்லை.

பால் பொங்கிய வீட்டை அன்றிரவு இருட்டில் விடக்கூடாது என்பார்களே, அதற்காக நானாவிடம் சாவியை வாங்கி நானும் அத்தையும் ஒரு பாயைப் போட்டுப் படுத்து, விளக்கேற்றி, முறையைக் காப்பாற்றினோம். அவ்வளவுதான். மற்றபடி ஓர் ஆணிகூட அடிக்காமல், ஒரு தூசுகூட நகராமல், வீடு உன் காலடிக்காக அப்படியே காத்திருக்கிறது.

ஆயுளும் ஆரோக்கியமும் பெற்று, பிள்ளைச் செல்வங்களோடு, முதுகுக்கு மலையும் முகத்துக்குத் தண்ணீருமாக நீ வாழ ஆசீர்வதிக்கும்,
உன் தாய்மாமன்,
சிவசாமி

பி.கு.: பதில் எழுதினால் பழைய விலாசத்துக்கு எழுதாதே, அங்கே வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அந்தப் பாயில் படுத்த உன் அத்தை முழங்கால் வலியை மறந்து விடிய விடியத் தூங்கினாள். காலையில் எழுந்து, "என்னங்க, பால் என் கையால பொங்குனது. இந்த வீடு இப்ப யார நம்பி நிக்குது?" என்று கேட்டாள். பதிலுக்குக் கட்டிலையும் கொண்டு வந்துவிட்டோம். அலுமாரியும் வந்தது, நாயும் வந்தது. நீ செல்வ மூலை என்று சொன்ன இடத்தில் அத்தை கத்தரி நட்டிருக்கிறாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வடமேற்கு அறை. விருந்தாளிகளுக்கு அதுதான் சிறந்தது என்பதில் உன் சாஸ்திரம் என்ன சொல்கிறதோ, தயாபரன் ஒத்துக்கொள்கிறார். எங்களை இந்த வீட்டிலிருந்து எழுப்ப வழியுண்டா என்று அவரிடமே கேட்டேன். உரியவள் வந்து தன் கையால் இன்னொரு தரம் காய்ச்ச வேண்டுமாம், வீடியோவில் காய்ச்சினால் செல்லாதாம். பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். பால் நீ வந்த பிறகு வாங்கலாம், இப்போதே வாங்கினால் கெட்டுவிடும்.